'கருணை கூர்ந்து' என்பதை அடித்தவருக்கு முதல் நன்றி

பெங்களூரு அல்சூர் பஜார் தெருவைச் சுற்றியிருக்கும் என் மக்களுக்கும், கல்லூரியில் என்னோடு இருந்தவர்களுக்கும் வணக்கம்.

2021-இல் சேர்ந்த புள்ளியியல் பட்டப்படிப்பை 2024-இல் முடித்தேன். சான்றிதழ் இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. அம்மா எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கேசரி கொடுத்துவிட்டாள். கேசரி போய்ச் சேராத இடங்களுக்கு இந்த மடல்.

என் கண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நோயின் பெயர் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரையில் மங்கிய வெளிச்சத்துக்கென்று இருக்கும் செல்கள்தான் முதலில் போகும். அதனால் மாலைக்கண்ணில் தொடங்குகிறது. பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். எனக்கு இப்போது மிச்சம் இருப்பது ஏறக்குறைய 15 டிகிரி. அடுப்பு ஊதும் குழலைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஊரைப் பார்ப்பது போல. செல்போனில் வரும் செய்தியைப் படித்துவிடுவேன்; அடுத்த நொடி காலடியில் கிடக்கும் ஸ்டூலில் இடித்துக்கொள்வேன். இரண்டையும் ஒரே ஆளிடம் பார்ப்பவர்களுக்கு 'நடிக்கிறாள்' என்றுதான் தோன்றும். நீளமான சமன்பாட்டின் தலையைப் பார்த்தால் வால் தெரியாது, எழுதும்போது வரி தவறிப்போகும் என்று அவர்களுக்கு விளக்கி விளக்கியே முதல் வருடம் ஓடியது.

கல்லூரிக்கு அந்த விளக்கம் போதவில்லை. தேர்வில் கூடுதல் நேரமும் எழுதித்தர ஆளும் மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டே என்று கேட்டேன். "இது தனியார் கல்லூரி, அந்த விதிகள் அரசுக் கல்லூரிக்குத்தான்" என்றார்கள். முதல் செமஸ்டரில் தேர்வு தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, அலுவலகத்திலிருந்து ஒரு அக்காவை நான் சொல்வதை எழுத அனுப்பினார்கள். பாவம், அவர் வணிகவியல் படித்தவர். நான் சிக்மா (Σ) என்றேன். அவர் ஆங்கில எழுத்து 'ஈ' போட்டார். மியூ (μ) என்றேன், 'யூ' போட்டார். திருத்தியவர் என்ன நினைத்திருப்பாரோ, அந்தத் தாளில் நான் தேறவில்லை. அந்த அக்காவின் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. மாலை ஐந்தரை மணி செய்முறை வகுப்பு முடிந்து இருட்டில் படியிறங்கும்போது எனக்குக் கைகொடுத்தவர் அவர்தான்.

இனி நன்றிகள்.

எதிர்வீட்டுத் தாத்தா, முதல் நன்றி உங்களுக்கு. சிவில் நீதிமன்றத்தில் சிரஸ்தேதாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவரிடம் கல்லூரிக்கு எழுதிய என் விண்ணப்பத்தைத் தயங்கித் தயங்கித்தான் நீட்டினேன். "கருணை கூர்ந்து, ஏழை மாணவியாகிய எனக்கு" என்று தொடங்கியிருந்தேன். சிவப்பு மையால் அந்த வரியை அடித்தீர்கள். "கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கும்போது கருணை கூர்ந்து என்பாயா, கண்ணு?" என்று கேட்டுவிட்டுத் தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்தீர்கள்.

நீங்கள் அடித்துத் தந்த இரண்டு பக்கம் எனக்கு மனப்பாடம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருப்பது. அதன் 16-ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகரித்த எல்லாக் கல்வி நிறுவனங்களையும் பற்றியது. 'அல்லது' என்ற அந்தச் சொல்லின் கீழே கோடு போட்டிருந்தீர்கள். கல்லூரி குழம்பிய இடமும் எங்கே என்று காட்டினீர்கள்: 32-ஆம் பிரிவின் 5 சதவீத இடஒதுக்கீடுதான் அரசு நிறுவனங்களுக்கும் அரசு உதவி பெறுபவற்றுக்கும் மட்டும் உரியது, சேர்த்துக்கொண்ட மாணவருக்கு அவருடைய தேவைக்கேற்ற வசதி செய்து தருவது தனியாருக்கும் கடமை. 17-ஆம் பிரிவு, கூடுதல் நேரத்தையும் எழுதித்தர ஆளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்டு, அப்போது நடப்பில் இருந்த தேர்வு நெறிகளின்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தரவேண்டும். எழுதுபவரைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே சந்திக்க விடவேண்டும். எனக்குக் கிடைத்தவை ஐந்து நிமிடம் என்று அதற்குப் பக்கத்திலேயே எழுதினீர்கள். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இருந்தது: வசதி என்பது அந்தந்த மனிதரின் தேவையைப் பார்த்துச் செய்வது. கடைசியில், 'நகல்: மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர்' என்று ஒரே வரி.

பதினோராவது நாள் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. அந்த நகல் வரிதான் வேலை செய்தது என்பது என் எண்ணம். நீங்கள் 'அல்லது'தான் என்கிறீர்கள். இந்த வழக்கு நமக்குள் இன்னும் முடியவில்லை.

மாடிவீட்டுத் தங்கைக்கு: எழுதுபவரை நாமே அழைத்து வந்தால் அவர் நம்மைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. பியூசி இரண்டாம் வருடத்தில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், இருந்த நீ அதற்குக் கச்சிதமாகப் பொருந்தினாய். உன் ஞாயிற்றுக்கிழமைகளை மொட்டை மாடியில் சிக்மாவுக்கும் லாம்டாவுக்கும் கொடுத்தாய். ஒரு தேர்வில் நான் சூத்திரத்தைத் தவறாகச் சொன்னேன். உனக்கு அது தெரிந்துவிட்டது. பேனா ஒரு நொடி நின்ற சத்தமின்மை எனக்குக் கேட்டது. பிறகு நான் சொன்னபடியே எழுதினாய். இரண்டு மதிப்பெண் போயிற்று. தேர்வு என்னுடையது என்று நீ நினைத்தாயே, அதற்குத்தான் இந்த நன்றி. வெளியே வந்ததும் என்னைத் திட்டியதற்கு நன்றி கிடையாது.

கன்னட ஆசிரியைக்கு: பார்வைக் குறை உள்ளவர் கேட்டால் இரண்டாம் மொழியிலிருந்து விலக்கு அளிக்கவும் அதே 17-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அலுவலகம் அதை மட்டும் ஓடிவந்து தந்தது. நான் வாங்கிக்கொள்ளவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தும், மெட்ரோவில் 'முந்தின நில்தாண' என்று அறிவிக்கும்போது, கடந்துபோன நிலையத்தைச் சொல்கிறார்கள் என்று சின்ன வயதில் நினைத்திருந்தவள் நான். அவர்கள் 'முந்தின' என்பது நமக்கு 'அடுத்த'. அதைச் சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பு உங்கள் ஒலிப்பதிவு ஒன்றில் இருக்கிறது. பாடம் முழுவதையும் உங்கள் குரலிலேயே பதிவுசெய்து கொடுத்தீர்கள். பின்னணியில் குக்கர் விசில். நான்காவது விசிலில் பாடம் முடிந்துவிடும்.

நூலகருக்கு: முதலில் புத்தகத்தை ஸ்கேன் செய்யப் பயந்தீர்கள், காப்புரிமை என்று. பயந்தது தவறில்லை. 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு லாப நோக்கமில்லாமல் மாற்றிக்கொள்ள அனுமதித்துவிட்டார்கள் என்று நீங்களே தேடிப் படித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னீர்கள். அதற்கப்புறம் உங்களை நிறுத்த முடியவில்லை.

ஆனால் ஸ்கேன் செய்த பக்கத்தில் சூத்திரங்கள் படமாகத்தான் இருக்கும். திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் அங்கே ஊமையாகிவிடும். அந்த இடங்களையெல்லாம் வார்த்தைகளாகத் தட்டச்சு செய்து நிரப்பிய என் வகுப்புத் தோழிகள் இருவரும் கேசரி போதாது, பிரியாணி வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ஆகட்டும்.

படிக்கட்டின் ஒவ்வொரு விளிம்பிலும் மஞ்சள் பட்டை அடித்த அட்டெண்டர் அண்ணனுக்கு: செலவு ஒரு டப்பா பெயின்ட். மூன்று வருடம் நான் விழாமல் இறங்கியதில் பாதி அந்த டப்பா.

முதல்வர் அவர்களுக்கு: கூடுதலாகக் கிடைத்த 50 நிமிடத்துக்கும், காலைக்கு மாற்றிய செய்முறை வகுப்புக்கும் நான் நன்றி சொல்லவில்லை என்று நீங்கள் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அவை எனக்குச் சேரவேண்டியவை. ஆனால் மூன்றாம் செமஸ்டரின் தொடக்கத்தில் எங்கள் வகுப்புக்கு வந்து, எல்லார் முன்னாலும், "போன வருடம் இந்தப் பெண்ணிடம் நாங்கள் சொன்னது தவறு" என்றீர்கள். அப்படிச் சொல்லும்படி எந்தப் பிரிவும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அதற்கு என் மனமார்ந்த நன்றி, மேடம்.

ஒரு தகவல். ஒலிப்பதிவுகள், தட்டச்சு செய்த பாடங்கள், தாத்தாவின் இரண்டு பக்கம் எல்லாம் ஒரு பென் டிரைவில் நூலகரிடம் இருக்கின்றன. தேவைப்படும் தம்பி தங்கைகள் போய்க் கேளுங்கள். விண்ணப்பம் எழுத வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். கன்னடப் பதிவில் ஏழாவது பாடத்தை மட்டும் சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேளுங்கள். குக்கர் கொஞ்சம் பலமாகக் கூவும்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து உங்கள் புள்ளியியல்காரி