சேகருக்கு, செர்பியாவின் நோவி சாடிலிருந்து

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? நீ தலைமையாசிரியர் ஆன சேதியைக் குமார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வரி எழுதக் கூடாதா? சரி, அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம்.

இப்போது உடனே எழுதுவதற்குக் காரணம் என் மாலை வகுப்பு மாணவி ஒருவர். செர்பியப் பெண், நர்ஸ். அயர்லாந்தில் வேலை தேடுகிறார். வேறோர் இடத்தில் எழுதிய ஆங்கிலத் தேர்வின் தாளைக் கொண்டுவந்து காட்டினார். தாள் முழுக்கச் சிவப்பு மை. 'ஐ ஒர்க் இன் ஹாஸ்பிட்டல் ட்வெல்வ் இயர்ஸ்' என்ற ஒரே வரியில் இரண்டு மூன்று வெட்டு. "எனக்கு மொழியே வராது" என்கிறார். மனசு ஆறவில்லை எனக்கு.

அவர் எழுதியது செர்பிய இலக்கணம், சேகர். பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன் என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதுபோலத்தான் செர்பியர்களும் சொல்வார்கள். எதிர்மறையைப் பார்: 'நிக்கோ நிக்காத் நிஷ்தா நியே ரெக்காவோ'. யாரும் ஒருபோதும் எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம். இதில் நான்கு எதிர்மறைச் சொற்கள். நியேயை எடுத்துவிட்டால்தான் அங்கே பிழை. அப்படிப் பேசி வளர்ந்தவர் 'நோபடி நெவர் செட் நத்திங்' என்று எழுதாமல் வேறென்ன எழுதுவார்?

எல்லாப் பிழையும் ஒன்றல்ல என்பதுதான் என் கட்சி. செர்பிய மொழியில் பொருள்களுக்கும் ஆண், பெண், நடு என்று பால் உண்டு. லாம்ப்பா, அதாவது விளக்கு, பெண்பால். வகுப்பில் வார்டு நிலவரம் சொல்லச் சொன்னேன். 'ஷி ஃபெல் டவுன்' என்றார். விழுந்தது மேசை விளக்கு! மருத்துவமனையில் இது ஆபத்து; முதலில் திருத்த வேண்டியது இதைத்தான். 'தி' விட்டுப்போனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அந்தத் தேர்விலோ இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான் குறைகிறது.

அந்த 'எ', 'தி' விஷயத்துக்கும் ஒரு வழி கிடைத்தது. செர்பியத்தில் ஆர்ட்டிகிள் கிடையாது. ஆனால் பெயரடையில் அதன் சாயல் இருக்கிறது. 'நோவ் கபுத்' என்றால் ஏதோ ஒரு புதுக் கோட்டு. 'நோவி கபுத்' என்றால் நமக்குத் தெரிந்த அந்தப் புதுக் கோட்டு. எங்கள் ஊர்ப் பெயரிலேயே அந்த 'நோவி' இருக்கிறதே! பேச்சில் இந்த வித்தியாசம் மங்கிவிட்டது, என்றாலும் காட்டியதும் அவருக்குப் பிடிபட்டது. பழைய தாளை எடுத்து, எங்கெங்கே 'தி' வரும் என்று தானே பென்சிலால் குறித்தார். பெரும்பாலும் சரி.

'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்' என்று நாம் சொல்வதிலும் இந்தச் சாயல் உண்டல்லவா? உன் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறாயா? எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்று விவரமாக எழுது. அடுத்த மாதம் அவர் மறுபடி தேர்வு எழுதுகிறார். அதற்கு முன்னால் பதில் வேண்டும்.

அன்புடன்,
பாலு