பாகிஸ்தானின் குஜ்ரன்வாலா தம்பிக்கு: அந்த ஏஜெண்டுக்கு முன்பணம் கட்டும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே ஜெர்மனியில் என்னோடு வேலை செய்யும் உங்கள் அக்கா வழியாக நீங்கள் அனுப்பிய பிடிஎஃப்பைப் பார்த்தேன். "ஜெர்மனி ஒர்க் பர்மிட்" என்று பெரிய எழுத்தில், கழுகுச் சின்னத்தோடு, உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் போட்டு ஒரு பக்கம். மீதிப் பணம் விசா வந்த பிறகுதான், எல்லாம் 'டன் பேஸ்' என்று ஏஜெண்ட் சொன்னாராம். முன்பணம் மட்டும் இந்த மாதமே வேண்டுமாம். போனில் உங்களிடம் ஆங்கிலத்தில் சொன்னதையே இங்கே தமிழில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதே பிடிஎஃப் வேறு பெயர்களில் வந்துகொண்டிருக்கிறது, அவர்களும் படிக்கட்டும்.

முதலில் கேட்டதற்குப் பதில்: கட்டாதீர்கள். 2005இல் குடியேற்றச் சட்டம் மாறியதிலிருந்து ஜெர்மனியில் வேலை அனுமதி என்று வெளிநாட்டுக்காரர் கையில் தரும் தனித் தாள் கிடையாது. வேலை செய்யலாம் என்பது பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசாவிலும், வந்தபின் தரும் வசிப்பு கார்டிலும் ஒரு வரியாக வரும், அவ்வளவுதான். அரசின் வேலைவாய்ப்பு நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படுகிற இடங்களில், அதைத் தூதரகம் உள்ளுக்குள் கேட்டு வாங்கும், இல்லையென்றால் வேலை கொடுக்கும் கம்பெனி முன்கூட்டியே வாங்கி வைக்கும். உங்களுக்கு விற்க அங்கே எதுவுமே இல்லை. விசாக் கட்டணம் 75 யூரோ. ஏஜெண்ட் சொன்ன தொகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜெர்மனி ஒத்துவராவிட்டால் போலந்து என்று அவர் அடுத்த கதவைத் திறப்பார். அங்கே நிலைமை வேறு. போலந்தில் ஒர்க் பர்மிட் என்ற தாள் நிஜமாகவே உண்டு. முதலாளி விண்ணப்பித்து மாகாண அலுவலகத்தில் வாங்குவது அது. அதனால்தான் அது கைமாறுகிறது, விலை வைக்கப்படுகிறது. ஆனால் தாள் உண்மையாகவே இருந்தாலும் விசா தருவதும் மறுப்பதும் தூதரகத்தின் முடிவு. பர்மிட் கையில், விசா மறுப்பு என்று நிற்கிறவர்கள் உங்கள் ஊரிலும் உண்டு, எங்கள் ஊரிலும் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். 2023 ஜூன் 14ஆம் தேதி கிரீஸின் பைலோஸ் கடலில் கவிழ்ந்த படகில் ஏறத்தாழ 750 பேர் இருந்தார்கள். அதில் 350 பேர்வரை பாகிஸ்தானியர் என்று உங்கள் அரசே சொன்னது. அவர்களில் உயிர் பிழைத்தவர்கள் 12 பேர். பஞ்சாபின் குஜ்ராத், மண்டி பஹாவுதீன், உங்கள் குஜ்ரன்வாலா என்று உங்களைச் சுற்றியிருந்த ஊர்களிலிருந்துதான் பலர் போனார்கள். டங்கி வழியில், அதாவது கள்ளத்தனமாக எல்லை தாண்ட வைத்து, ஆள் அனுப்புகிறவரும் ஒர்க் பர்மிட் விற்கிறவரும் எப்போதும் ஒருவரே என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் தாள் பலிக்காதபோது இரண்டாவது வழியைச் சொல்ல ஆள் பக்கத்திலேயே இருப்பார். கட்டிய முன்பணம் கையைக் கட்டிப்போடும், அப்போது அதுவும் நியாயமாகத் தோன்றும்.

சரி, உங்களுக்குத் திறந்திருக்கிற வழிக்கு வருவோம். எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்கில் நான்கு வருட டிகிரி, ஃபைசலாபாத் மில்லில் ஆட்டோமேஷன் வேலை. உங்களுக்கு உரியது புளூ கார்டு, டிகிரி படித்து வேலைக்கு வருபவர்களுக்கான வசிப்பு கார்டு. அதற்கு இரண்டே தூண்கள்: ஜெர்மனி ஒப்புக்கொள்ளும் டிகிரி, டிகிரிக்குப் பொருந்துகிற வேலைக்கான ஒப்பந்தம். சம்பளத்துக்கு ஒரு கீழ்வரம்பு உண்டு, அது ஆண்டுதோறும் மாறும். 2025இல் வருடத்துக்கு 48,300 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கு 43,759.80 யூரோ. இன்ஜினியர்கள் அந்தப் பட்டியலில் வருகிறார்கள், அதனால் உங்களுக்குக் குறைந்த வரம்பு போதும். முதலில் சொன்ன பெரிய வரம்பைத் தொட்டுவிட்டால் வேலைவாய்ப்பு நிறுவனத்தின் ஒப்புதல்கூடத் தேவையில்லை. சம்பளம் பேசும்போது இது நினைவில் இருக்கட்டும்.

டிகிரியை இன்று ராத்திரியே பார்த்துவிடலாம். அனாபின் என்று வெளிநாட்டு டிகிரிகளுக்கான ஜெர்மனியின் தரவுத்தளம் இணையத்தில் இருக்கிறது, காசு கிடையாது. உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேடி, பக்கத்தில் ஹெச் பிளஸ் (ஒப்புக்கொள்ளப்பட்டது) என்று இருக்கிறதா பாருங்கள். பிறகு உங்கள் டிகிரியின் பெயரும் இணையானது என்று குறிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். இரண்டும் இருந்தால் அந்தப் பக்கங்களை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். ஏதாவது ஒன்று இல்லையென்றால் இசட்ஏபி என்ற அலுவலகத்திடம் 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்றிதழ் வாங்கலாம். நம்பவைத்து ஏமாற்ற ஒருவரும் இல்லாத வேலை இது, அதனால்தானோ என்னவோ ஏஜெண்டுகள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. இதோடு உங்கள் பக்கத்தில் டிகிரிக்கு ஹெச்.இ.சி. (உயர்கல்வி ஆணையம்) அட்டஸ்டேஷன் இருக்கிறது. அதற்கு முன்னால் பல்கலைக்கழகம் சரிபார்க்க வேண்டும். மெட்ரிக், எஃப்.எஸ்சி. (பத்தாவது, பன்னிரண்டாவது) சான்றிதழ்களுக்கு ஐ.பி.சி.சி. என்ற அலுவலகத்தின் அட்டஸ்டேஷன். நேரம் பிடிக்கிற விஷயம், வேலை கிடைக்கும்வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்குங்கள்.

இனி வேலை தேடுவது. இதில் நீங்கள் லிங்க்ட்இன்னில் எல்லோரும் விண்ணப்பிக்கிற அதே சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கே விண்ணப்பித்துக்கொண்டிருப்பதாக அக்கா சொன்னார். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. உங்கள் மில்லில் கார்டிங் மெஷினில் என்ன பெயர் எழுதியிருக்கிறது? ட்ரூட்ஷ்லர் என்றால் அந்தக் கம்பெனி மோன்ஷென்கிளாட்பாக்கில் இருக்கிறது. தறி டோர்னியர் என்றால் போடன்சே ஏரிக்கரையில் லிண்டாவ். வார்ப் நிட்டிங் மெஷின் கார்ல் மையர் என்றால் ஃபிராங்க்பர்ட்டுக்குப் பக்கத்தில் ஒபர்ட்ஸ்ஹவுசன். இந்த மெஷின்கள் நாற்பத்தைந்து டிகிரி வெயிலில், நடுநடுவே கரண்ட் போகிற ஊரில் எப்படி நின்றுபோகின்றன, அவற்றை எப்படி மறுபடி ஓட வைப்பது என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே டிசைன் பண்ணுகிறவருக்கு அது அவ்வளவாகத் தெரியாது. சர்வீஸ், கமிஷனிங் பிரிவுகளில் இதற்கு மதிப்பு உண்டு, பாகிஸ்தான், இந்தியா, வங்கதேசத்துக்கெல்லாம் போய்வர ஆள் வேண்டும் அவர்களுக்கு. கோயம்புத்தூர் மில்களிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் சிலர் இப்படித்தான் உள்ளே நுழைந்தார்கள். ஜெர்மன் இயந்திரத் துறை சில வருடங்களாக மந்தமாகத்தான் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனாலும் நூறு பேர் நிற்கிற வரிசையை விட நாலு பேர் நிற்கிற வரிசை நல்லது.

இந்த மாதிரி வேலைக்கு ஜெர்மன் வேண்டும். சாஃப்ட்வேர் டீமில் ஆங்கிலத்தை வைத்து ஓட்டிவிடலாம், ஷாப் ஃப்ளோரில் நடக்காது. ஏஜெண்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து லாகூரில் அன்னமாரி ஷிம்மல் ஹவுஸில் வகுப்பில் சேருங்கள், கராச்சி என்றால் கோத்தே இன்ஸ்டிட்யூட். (உங்கள் கவிஞர் அல்லாமா இக்பாலும் 1907இல் ஹைடல்பெர்க்கில் உட்கார்ந்து ஜெர்மன் படித்தவர்தான். நெக்கர் நதிக்கரையில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. வந்ததும் காட்டுகிறேன்.) மொழிக்கு இன்னொரு பலனும் உண்டு. புளூ கார்டில் வருபவர் ஏ1 (தொடக்க நிலை) ஜெர்மனோடு 27 மாதத்தில் நிரந்தர வசிப்பு கேட்கலாம், பி1 (இடை நிலை) இருந்தால் 21 மாதத்தில்.

இப்போது கசப்பான பகுதி. உங்கள் அக்காவும் நானும் ஒரே டீம், ஒரே மாதிரி டிகிரி, ஏறக்குறைய ஒரே சம்பளம். ஆனால் ஜெர்மனி 2022இல் இந்தியாவோடு குடிபெயர்வு ஒப்பந்தம் போட்டது, 2024 அக்டோபரில் இந்தியத் தொழில் நிபுணர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000 ஆக்குவதாக அறிவித்தது. உங்களுக்கு அப்படி ஒரு கதவு திறக்கவில்லை. இதில் உங்கள் திறமைக்குச் சம்பந்தமே இல்லை, அரசாங்கங்களின் கணக்கு. வரிசையில் மாதக்கணக்கில் காத்திருக்கும்போது "என்னிடம்தான் ஏதோ குறை" என்று நினைக்க ஆரம்பித்துவிடுவோம், அந்த நேரம் பார்த்துத்தான் ஏஜெண்ட் போன் பண்ணுவார்.

வரிசையைச் சுருக்கச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. வசிப்புச் சட்டத்தின் 81ஏ பிரிவு, துரித நடைமுறை. உங்களிடம் அதிகாரப் பத்திரம் வாங்கிக்கொண்டு கம்பெனி அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் 411 யூரோ கட்டி விண்ணப்பிக்கும். அங்கே முன்ஒப்புதல் கிடைத்த பிறகு, தூதரகம் மூன்று வாரத்துக்குள் அப்பாயிண்ட்மெண்ட் தர வேண்டும், முழு விண்ணப்பம் கொடுத்தபின் பொதுவாக அடுத்த மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். பாகிஸ்தானிலிருந்து வருகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஒன்று எனக்குத் தெரியவில்லை. ஒப்பந்தம் பேசும்போதே ஹெச்ஆரிடம் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். சின்னக் கம்பெனி என்றால் அவர்களுக்கே இது தெரியாமல் இருக்கும், சட்டப் பிரிவின் எண்ணைச் சொல்லுங்கள்.

மனைவியைப் பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம், கூடவே விண்ணப்பியுங்கள். இதே துரித நடைமுறையில் குடும்பத்தையும் சேர்க்க முடியும். புளூ கார்டுக்காரரின் மனைவி ஜெர்மன் பரீட்சை எழுதிக் காட்ட வேண்டியதில்லை, வந்த உடனே வேலைக்கும் போகலாம். அவர் ஆசிரியை என்று அக்கா சொன்னார், அவர் என்ன செய்ய விரும்புகிறார் என்று நீங்கள் ஒருமுறைகூட எழுதவில்லையே தம்பி? நிக்காஹ்நாமாவை (திருமண ஒப்பந்தம்) யூனியன் கவுன்சிலில் பதிந்து, அடையாளப் பதிவு அமைப்பான நாட்ராவின் கம்ப்யூட்டர் சான்றிதழ் வாங்குங்கள். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாம் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பாகிஸ்தான் ஆவணங்களுக்குச் சான்றொப்பமிடுவதை ஜெர்மன் தூதரகம் நிறுத்திவைத்திருக்கிறது. சந்தேகம் வந்தால் தன் நம்பிக்கைக்குரிய வக்கீலை யூனியன் கவுன்சில், பள்ளிக்கூடம் வரை அனுப்பி விசாரிக்கும், செலவு உங்கள் தலையில், மாதங்களும் உங்கள் தலையில். இந்தியத் தாள்களுக்கும் இதே கதைதான், இந்த ஒன்றிலாவது நாம் சமம்.

விசா ஒட்டிய பிறகு ஒரு படி பாக்கி, பலர் விமான நிலையத்தில் வந்து முழிப்பது இதில்தான். பாகிஸ்தானில் வேலை விசாவில் கிளம்புகிற எவரும், இன்ஜினியராக இருந்தாலும், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பதிகிற புரொடெக்டர் ஆஃப் எமிகிரண்ட்ஸ் அரசு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஏஜெண்ட் இல்லாமல் நேரடியாகக் கிடைத்த வேலை என்று பதிந்து, ஸ்டேட் லைஃப் இன்சூரன்சும் மற்ற கட்டணங்களும் கட்டினால் முடிந்தது. இந்தியாவில் டிகிரி படித்தவர்களுக்கு இந்தப் பதிவு தேவையில்லை, அதனால் உங்கள் அக்கா சொன்னபோது எனக்குப் புதிதாக இருந்தது. அந்தப் பதவியின் பெயர் மட்டும் புதிதில்லை. 1860இல் ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பனுக்குப் போன காலத்திலேயே, ஏற்றிவிடும் துறைமுகத்தில் ஒரு 'புரொடெக்டர்' உண்டு. உங்கள் 1979 அவசரச் சட்டமும் எங்கள் 1983 சட்டமும் அதே வெள்ளைக்காரன் வீட்டுப் பரம்பரை.

பணத்தைப் பற்றி வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். 48,300 யூரோ என்றால் மாதம் 4,025. தனி ஆளுக்கு வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் போக 2,600ஐ ஒட்டிக் கைக்கு வரும், மனைவியும் கூட இருந்தால் வரி கொஞ்சம் குறையும். உங்கள் அம்மா அதை உங்கள் ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் எட்டு லட்சத்தைத் தாண்டும். பெருக்குவார்கள், எங்கள் வீட்டிலும் பெருக்கினார்கள். பெருக்கியவர்களுக்கு ஸ்டுட்கார்ட் வாடகை தெரியாது, வீட்டுக்கு மூன்று மாத வாடகைவரை அட்வான்ஸ் கேட்பது தெரியாது, தொலைக்காட்சியே இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வீடு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கட்டுவது தெரியாது. முதல் ஆறு மாதம் பெரும்பாலும் புரொபேஷன், இரண்டு வார நோட்டீஸில் அனுப்பிவிடலாம் என்பதும் தெரியாது. தங்கையின் கல்யாணத்துக்கு முதல் வருடத்திலேயே இவ்வளவு என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கை வைத்துத்தான் பலர் பிடிக்காத கம்பெனியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை மாற்றலாம், முதல் 12 மாதத்துக்குள் என்றால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டு மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

வர வேண்டுமா என்று நீங்கள் என்னிடம் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: வாருங்கள். எட்டு லட்சத்துக்காக வேண்டாம். அந்த மெஷின் ஏன் அப்படி நிற்கிறது என்று போனில் அரை மணி நேரம் விளக்கினீர்களே, அதைச் செய்தவர்களோடு உட்கார்ந்து பேச வாருங்கள்.

அனாபின் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அக்காவுக்கு அனுப்புங்கள். சிவி இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம், எந்தெந்த மெஷின், எந்த பிஎல்சி (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) என்று மாடல் பெயரோடு எழுதுங்கள், நான் பார்த்துத் தருகிறேன். அதற்கெல்லாம் முன்னால் ஒன்று. அந்த ஏஜெண்டிடம் உங்கள் ஒரிஜினல் டிகிரியோ பாஸ்போர்ட்டோ இருக்கிறது என்றால், சண்டை எதுவும் போடாமல், அட்டஸ்டேஷனுக்கு வேண்டும் என்று சொல்லி நாளைக்கே போய்த் திருப்பி வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பாஜி