சிங்களத் திரைப்படங்களுக்குத் தமிழ் உபதலைப்பு இடுங்கள்

திரைப்படத் துறைக்குப் பொறுப்பான மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கடந்த மாதம் எங்கள் ஊர் மண்டபத்தில் இயக்குநர் பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ என்ற சிங்களத் திரைப்படம் காண்பிக்கப்பட்டபோது, எழுபது வயதைக் கடந்த என் பெரியம்மாவையும் அழைத்துச் சென்றிருந்தேன். 1997இல் எடுக்கப்பட்ட அந்தப் படத்தின் திரையிடல் 2000ஆம் ஆண்டில் தடுக்கப்பட்டதும், மறு ஆண்டு உயர் நீதிமன்றம் அதை விடுவித்ததும் தாங்கள் அறிந்தவையே. நீதிமன்றம் வரை சென்று மீண்ட அந்தப் படத்தின் அடியில் அன்று ஓடியது ஆங்கிலம் மட்டுமே.

பெரியம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, சிங்களமும் தெரியாது. கொழும்பில் வேலை செய்த காலத்தில் பழகிய சிங்களத்தை நம்பி, ஒவ்வொரு வசனத்தையும் அவர் காதருகில் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்தவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாம் தடவை, “கொஞ்சம் கதைக்காமல் இருங்கோ” என்றார். அவரில் பிழையில்லை. அதன்பின் நான் வாய் திறக்கவில்லை. இராணுவத்தில் இருந்த மகனின் உடல் என்று சொல்லி முத்திரையிட்டுக் கொண்டுவரப்பட்ட பெட்டியை நம்ப மறுத்து, நட்டஈட்டுப் படிவத்தில் கையொப்பமிடவும் மறுத்த பார்வையற்ற வன்னிஹாமி, கடைசியில் புதைகுழியைத் தோண்டும் இடம் வந்தது. வன்னிஹாமியாக நடித்த ஜோ அபேவிக்ரமவின் முகத்தைப் பார்த்தே பெரியம்மாவுக்குப் பாதி விளங்கியிருக்க வேண்டும். என் கையைப் பிடித்து, “பெட்டிக்குள்ள என்னடா கிடக்கு?” என்று கேட்டார். “வாழைக்குற்றியும் கல்லும், பெரியம்மா” என்றேன். படம் முடியும்வரை அவர் அந்தக் கையை விடவில்லை.

போர் முடிந்த 2009 மே மாதம் முல்லைத்தீவு வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்த மகனை அவர் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய தொடர் போராட்டத்தில், மகனின் படத்தை மடியில் வைத்தபடி வெயிலிலும் மழையிலும் இருந்தவர். மரணச் சான்றிதழ் வேண்டாம், பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்பதே அந்தத் தாய்மாரின் கேள்வி. ஒரு சிங்களச் சிப்பாயின் தகப்பன் ஏன் கையொப்பமிட மறுத்தார் என்பதை அவர்களைவிட நன்றாக விளங்கிக்கொள்ளக்கூடியவர்கள் இந்த நாட்டில் யார் இருக்கிறார்கள்? அவர்களுக்கு விளங்கும் மொழியில்தான் அந்தப் படம் இல்லை.

சிங்களத் திரைப்படங்களுக்கு, குறிப்பாகப் போரையும் படையினரின் குடும்பங்களையும் பேசும் படங்களுக்கு, தமிழ் உபதலைப்பு இடுங்கள் என்பதே என் கோரிக்கை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும், சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட படிவத்தை நீட்டி, எழுதியிருப்பது என்னவென்று தெரியாமலே கையொப்பம் கேட்கும் அலுவலகங்களில் நாங்கள் நின்று களைத்துவிட்டோம். நல்லிணக்கம் பற்றி மேடைகளில் எத்தனை உரைகளைத்தான் கேட்பது? ஒரு தகப்பனின் துயரத்தை ஒரு தாய்க்குச் சொல்லக்கூடிய இரண்டு வரித் தமிழைத் திரையின் அடியில் போட ஏன் இவ்வளவு காலம் ஆகிறது?

கோபத்தில் எழுதியதாகத் தோன்றினால் பொறுத்தருளுங்கள். தமிழ்ப் படங்களுக்குச் சிங்கள உபதலைப்பும் இதே அளவுக்கு வேண்டியது. அதையும் சேர்த்தே கேட்கிறேன். இரு மொழியும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தயவுசெய்து ‘புரஹந்த களுவர’விலிருந்தே தொடங்குங்கள். அந்த மனிதர் மகனைப் பற்றி என்னென்ன சொன்னார் என்று பெரியம்மா இன்னமும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்; தமிழில் வந்தவுடன் அவரை மீண்டும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
வடக்கிலிருந்து ஒரு பார்வையாளன்