பிரீமியத்துக்கு மொய் நோட்டு கிடையாது, தம்பி

அன்புள்ள தம்பி,

போன ஆடியில் பேராவூரணி மொய் விருந்துப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நான் ஆஸ்பத்திரி பக்கமே போறதில்ல அத்தை, வயசானவங்க செலவுக்கு நான் எதுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்டணும்?" என்று கேட்டாயே, இலையில் சோறு இருந்ததால் அப்போது பேசாமல் இருந்துவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. ஆனால் கணக்கைத் தப்பாகப் போட்டு வைத்திருக்கிறாய்.

நீ தனியாக பாலிசி எடுத்திருந்தால் உன் வயதுக்கான பிரீமியம்தான் கேட்டிருப்பார்கள், என்னைப் போன்ற கிழவிகளின் செலவு உன் தலையில் பெரிதாக விழுந்திருக்காது. அப்பா அம்மாவையும் சேர்த்து ஒரே ஃப்ளோட்டராக (குடும்பத்துக்கே ஒரே பாலிசி) எடுத்தாய் பார், வலிக்கிற இடம் அதுதான். ஃப்ளோட்டரில் பெரும்பாலும் கூட்டத்தில் மூத்தவர் வயதை வைத்துத்தான் தொகை போடுவார்கள். 64 வயது அண்ணனோடு 27 வயதுப் பையனைக் கட்டிப்போட்டால் எகிறாமல் என்ன செய்யும்? அவர்களுக்குத் தனியாக எடு. பழைய வரி முறையில் இருந்தால், 60 தாண்டிய பெற்றோருக்குக் கட்டும் பிரீமியத்துக்கு வருமான வரியில் 50,000 ரூபாய் வரை கழிவும் உண்டு.

சரி, இப்போது என் கதை. 38 வயதில் எடுத்த பாலிசி. ஒரு வருடம்கூட விடாமல் கட்டினேன், நடுவில் ஒரே ஒரு தடவை கண்புரைக்கு க்ளெய்ம். 61 ஆனதும் பிரீமியத்தை ஒரே வருடத்தில் ஒன்றரை மடங்கு ஆக்கிவிட்டார்கள். போன் போட்டால், "உங்க ஏஜ் பேண்ட், அதாவது வயசுப் பிரிவு, மாறிடுச்சு மேடம்" என்றது ஒரு பெண் குரல், உன் வயதுதான் இருக்கும். இத்தனை வருடம் கட்டினேனே என்றேன். அது அந்தந்த வருடத்தோடு முடிந்துவிட்டதாம்.

மொய்யில் இப்படி நடக்குமா சொல்? உன் தாத்தா எங்கெங்கோ 50, 100 என்று எழுதியது உன் காதுகுத்துக்குக் கூட்டித் திரும்பி வந்தது, எல்லாம் நோட்டில் இருக்கிறது. பிரீமியத்துக்கு அப்படி நோட்டு கிடையாது. பாலிசிக்கு முன்பே இருந்த நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலத்தைத் தாண்டியிருப்போம், அந்த ஒரு லாபம்தான் (அதையும் 2024-ல் அதிகபட்சம் 3 வருடம் என்று குறைத்துவிட்டார்கள்). வயதைப் பார்த்து வாங்குவது நியாயம் என்று தோன்றுவதெல்லாம் ஒரு வருடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பார்க்கும்போதுதான். நான் ஒருவர் கட்டும் 40 வருடத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

நீ ஓசூரில் 18,000 சம்பளத்தில் இருந்தபோது ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? உன்னிடம் 0.75 சதவீதம், கம்பெனியிடம் 3.25. பக்கத்து மிஷினில் நின்ற 55 வயதுக்காரருக்கும் அதே சதவீதம்தான். அப்போது நீ அநியாயம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் வயதைக் கேட்காமல் சம்பளத்தைக் கேட்டார்கள். எனக்குப் பிடித்த முறை அதுதான். மெயின் ரோட்டில் நாலு கடை வாடகை வாங்கும் பெரியவருக்காக 20,000 சம்பளக்காரப் பையன் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன்.

அமெரிக்காவில் 2014 முதல் தனிநபர் பாலிசிகளில் 64 வயதுக்காரரிடம் 21 வயதுக்காரரைவிட 3 மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அங்கேயும் உன் வயதுப் பிள்ளைகள் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் விலகிப்போனால் மிச்சம் இருப்பவர்களுக்கு இன்னும் ஏறும், அதனால் எடுக்காதவருக்கு அபராதம் போட்டுப் பார்த்தார்கள், 2019-லிருந்து அதையும் பூஜ்யம் ஆக்கிவிட்டார்கள். சுலபமான விஷயம் இல்லைதான். இருந்தாலும் அப்படி ஒரு உச்சவரம்பு இங்கேயும் வேண்டும், அதற்காக நீ மாதம் நூறு இருநூறு கூடக் கட்ட வேண்டி வந்தாலும்.

இங்கே 70 தாண்டினால் வருமானம் பார்க்காமல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் 5 லட்சம் வரை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், என் பென்ஷன் அதைத் தாண்டுகிறது. ஆக 70 வரை நான் கடைமடை வயல்தான். மேட்டூர் திறந்தாலும் தண்ணீர் வந்து சேராது. ஒரே ஆறுதல், 2025 செப்டம்பர் 22 முதல் பிரீமியத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி போய்விட்டது.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது அந்த பாலிசி பேப்பரை எடுத்து வா, உட்கார்ந்து பிரித்துப் பார்ப்போம். அப்புறம், பந்தியில் என்னிடம் கேட்டதை அப்பாவிடம் கேட்டுவிடாதே. முதல் வேலையாகத் தன் பேரை எடுத்துவிடச் சொல்வார்.

அன்புடன்,
அத்தை