எங்கள் நிலம் எந்தப் பக்கம் ஆடும் என்று அளந்து சொல்லுங்கள்

கலிஃபோர்னியாவில் நிலநடுக்கம் எழக்கூடிய ஹேவர்டு நிலப்பிளவை ஒட்டிய நகரங்களின் கட்டட அனுமதி அலுவலர்களுக்கு,

வணக்கம். நிலநடுக்கத்தைத் தாங்க எங்கள் அடுக்ககத்துக்கு வகுத்த வலுவூட்டல் திட்டம் பரிசீலனைக்கு வந்த அன்று, "பிளவிலிருந்து ஐம்பது அடிக்கு மேல் தள்ளித்தானே இருக்கிறீர்கள், மண் அறிக்கையும் சரியாக இருக்கிறது" என்று சொல்லி அடுத்த கோப்பை எடுத்துவிட்டீர்கள். கேட்க வந்ததைக் கேட்க முடியாமல் போனதால் இங்கே எழுதுகிறேன். பிளவோர மனைகளில் நிலம் எந்தத் திசையில் கூடுதலாக ஆடுகிறது என்பதை அளந்து, அந்த அளவை வைத்து வலுவூட்டல் வரைபடங்களைச் சரிபாருங்கள்.

அந்த ஐம்பது அடி எதற்கு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தை அடுத்து 1972இல் வந்த சட்டம், தரை கிழிந்து வீடு பிளப்பதைத் தடுக்க வந்தது. அதிர்வு அதன் கவலை அன்று. பிளவைச் சுற்றி நொறுங்கி விரிசல் விட்ட பாறையோ சில இடங்களில் நூற்றுக்கணக்கான மீட்டர் அகலத்துக்குப் பரவிக் கிடக்கிறது. ஐம்பத்தோராவது அடியிலிருந்து ஒழுங்காக இருப்பேன் என்று எந்தப் பாறையும் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்காது.

விரிசல்கள் பெரும்பாலும் ஒரே போக்கில் ஓடும்போது, பாறை அந்தப் போக்கில் விறைப்பாகவும் அதற்குக் குறுக்கே நெகிழ்வாகவும் இருக்கிறது. ஓலைச்சுவடிக் கட்டை நீளவாக்கில் அழுத்தினால் அசையாது, மேலிருந்து அழுத்தினால் அமுங்கும் அல்லவா, அதைப் போல. ஆகவே விரிசலுக்குக் குறுக்காக ஆடும் அலை பின்தங்கி வருகிறது, வீச்சிலும் பெருக்கிறது. எட்னா எரிமலையின் பெர்னிக்கானா பிளவில் இத்தாலிய ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். நம் ஃப்ரீமாண்டிலேயே ஹேவர்டு பிளவில் அளந்த முடிவுகள் 2012இல் வெளிவந்தன. அங்கும் ஆட்டம் பிளவின் போக்கில் அல்ல, அதற்குப் பெருங்கோணத்தில், அதாவது பெரிதும் குறுக்காகத்தான் மிகுந்திருந்தது. நிலநடுக்கத்தின்போது பிளவு முறிந்து ஓடும் விதத்தால் சில திசைகளில் அதிர்வு கூடுவதை உங்கள் பொறியாளர்கள் அறிவார்கள். அது வேறு, நான் சொல்வது நிலத்தின் குணம். தொலைவில் எழுந்த நடுக்கத்திலும், ஒன்றும் நடக்காத நாளின் நுண்ணதிர்விலும்கூட அது தெரியும்.

எங்கள் கட்டடத்தைப் பாருங்கள். தரைத்தளத்தில் மூன்று பக்கம் சுவர். நான்காவது பக்கம் முழுவதும் கார் நுழையும் வாய், இடையிடையே மெல்லிய இரும்புக் குழாய்த் தூண்கள், அவற்றின் மேல் இரண்டு மாடிகள். வாய் வடமேற்கே, அதாவது பிளவு ஓடும் திசையையே, பார்த்திருப்பதால், இல்லாத அந்தச் சுவர் பிளவுக்குக் குறுக்கே நிற்க வேண்டிய சுவர். நிலம் மிகுதியாக ஆடக்கூடிய திசையிலேயே கட்டடத்துக்குப் பிடிப்பு இல்லை. எதிர்வீட்டுக் கட்டடத்தின் வாய் தென்மேற்கே பார்க்கிறது. அதன் பலவீனம் பிளவின் போக்கில். இரண்டுக்கும் ஒரே இரும்புச் சட்டம், ஒரே கணக்கு, ஒரே முத்திரை. 1994இல் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் இப்படித் தரைத்தளம் நசுங்கிய ஒரே குடியிருப்பில் 16 பேர் இறந்தார்கள். எங்கள் கார்களுக்கு நேர் மேலே உள்ள அறைகளில், ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த பெரியவர்கள் உறங்குகிறார்கள்.

வேலி இரண்டு அங்குலம் உயர்ந்தால் டேப்போடு வந்து நிற்கும் துறைக்கு, நிலத்தின் ஆட்டத்தை அளக்க மட்டும் ஆளில்லை என்பது வியப்பாக இருக்கிறது. கட்டணப் பட்டியலில் அதற்கொரு வரி இல்லாததுதான் காரணம் என்றால், சேர்த்துவிடுங்கள், கட்டிவிடுகிறோம்.

கடுமையாகப் படுமானால் பொறுத்தருள்க. பிளவுக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரைந்து திசையை ஊகிக்கவும் முடியாது. விரிசல்கள் பிளவுக்குச் சாய்வாகவும் அமைகின்றன, மனைக்கு மனை மாறுகின்றன. அளக்கத்தான் வேண்டும். மூன்று அச்சுகளிலும் பதியும் அதிர்வுமானி ஒன்றை மனையில் ஒரு மணி நேரம் வைத்து, பதிவைத் திசைவாரியாகப் பிரித்துப் பார்த்தால் போதும். துளையிடும் செலவுகூட இல்லை. கார் நிறுத்தத்தின் மேல் எழுந்த பழைய அடுக்ககங்களிலிருந்து தொடங்கி, அளந்த திசையை அனுமதிக் கோப்பிலேயே பதியுமாறும், எங்கள் கோப்பை அதுவரை முடிக்காமல் வைத்திருக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிளவோரத்து அடுக்ககவாசி ஒருவர்