இலை நீக்கப்பட்ட ஓக் மரம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாலை நடையை மீண்டும் தொடங்கிவிட்டீர்கள் என்பதில் மிக்க மகிழ்ச்சி. பாஸ்டனில் மகள் வீட்டில் நாங்கள் நலமாக இருக்கிறோம்.

இங்குள்ள நுண்கலை அருங்காட்சியகத்தில் குளோத் மொனே வரைந்த கிரூஸ் பள்ளத்தாக்கு ஓவியங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று வெயில் நேரம், மற்றது மேகமூட்டமான நாள். இரண்டும் 1889இல், நடுப் பிரான்சின் ஃபிரெஸெலின் என்னும் சிற்றூருக்கருகே, பெரிய கிரூஸ், சின்னக் கிரூஸ் என்னும் இரு ஆறுகள் கூடும் பகுதியில் வரையப்பட்டவை. ஆல்ப்ஸின் பனிமுடிகளை அங்கே தேட வேண்டாம். பாறையும் புதரும் மண்டிய குன்றுகள் இருபுறமிருந்தும் சரிந்து வந்து ஆற்றை நெருக்கும் இடம் அது. வானத்துக்கு மேல்விளிம்பில் சிறிது இடமே தந்திருக்கிறார். கண்ணுக்குத் துணையாக ஓர் ஆளோ வீடோ இல்லை. வெயில் படத்தில் செம்மஞ்சளும் ஊதாவுமாகத் தகிக்கும் அதே சரிவுகள், மற்றதில் சாம்பல் பூத்து, எடை கூடியவைபோல் நிற்கின்றன. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். உங்களுக்கு முதலாவது பிடிக்கும் என்பதும் தெரியும்.

மொனே போன்ற இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் கண்ட கணத்தை அவசரமாகத் தீட்டிவிட்டு நகர்ந்தவர்கள் என்று கல்லூரிக் காலம் முதல் சொல்லிவருகிறீர்கள். இந்தப் பள்ளத்தாக்கின் கதை அதற்கு மறுப்பு. பிப்ரவரியில் விமர்சகர் குஸ்தாவ் ஜெஃப்ராவுடன் கவிஞர் மொரிஸ் ரொலினாவைக் காணச் சென்ற மொனே, இடத்தில் மனம் பறிகொடுத்து மார்ச்சில் திரும்பி வந்து, மே மாதம் வரை அங்கேயே தங்கி இருபதுக்கும் மேற்பட்ட படங்களைத் தொடங்கினார். மழையும் குளிரும் விடவில்லை. ஒளி மாறும்போதெல்லாம் அதற்குரிய படத்துக்குத் தாவ வேண்டியிருந்தது. அதற்குள் வசந்தமும் வந்து, அவர் குளிர்கால மொட்டை மரமாக வரைந்துகொண்டிருந்த ஓக் துளிர்த்துவிட்டது. என்ன செய்தார் தெரியுமா? மரத்துக்கு உரியவரிடம் பணம் தருவதாகச் சொல்லி அனுமதி பெற்று, அந்தப் பள்ளத்துக்குள் ஏணிகளை இறக்கி, ஆட்களைக் கொண்டு இலைகளை அகற்றச் செய்தார். இதைச் சிலர் ஏமாற்று என்பார்கள். எனக்கோ, தான் தொடங்கிய ஒளியை முடிக்காமல் விடமாட்டேன் என்ற பிடிவாதமாகவே படுகிறது. (மரம் என்ன நினைத்ததோ!)

அவ்வாண்டு ஜூனில் பாரிஸில் ஜார்ஜ் பெத்தியின் காட்சிக்கூடத்தில், சிற்பி ரொதேனின் படைப்புகளோடு இவற்றுள் பல பார்வைக்கு வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு மொனே தொடங்கிய வைக்கோற்போர் ஓவிய வரிசை புகழையெல்லாம் அள்ளிக்கொண்டது. ஒரே காட்சியைப் பல ஒளிகளில் தொடரும் அந்த முறைக்கு விதை இந்த மழை நனைந்த பள்ளத்தாக்கில்தான் விழுந்தது என்பது என் எண்ணம்.

கோடையில் சிகாகோவில் மகனிடம் வருவதாக எழுதியிருந்தீர்கள். அங்குள்ள கலைக்கழகத்தின் சேகரிப்பில் சின்னக் கிரூஸ் ஆற்றை வரைந்த படம் ஒன்று உண்டு. பார்க்க வாய்த்தால், பிறகும் அதை அவசர வேலை என்பீர்களா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்