ஜெர்பிலுக்கு வேண்டியது வளை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் செல்லப் பிராணிகள் பகுதியில், கண்ணாடித் தொட்டியின் மூலையை ஓயாமல் பிறாண்டும் ஜெர்பிலைப் (எலி போன்ற சிறு செல்லப் பிராணி) பற்றி ஒருவர் கேட்டிருந்தார். "அதற்குப் பொழுது போகவில்லை, ஒரு கிண்ணம் மணல் வையுங்கள், ஆசை தீரத் தோண்டட்டும்" என்று பதில் வந்திருந்தது. இங்கே கடைகளிலும் இதையேதான் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் பலிக்காது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சூரிச் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃப் வீடன்மாயர் செய்த ஆய்வு 1997-இல் வெளிவந்தது. காய்ந்த மணலில் இஷ்டம்போல் தோண்டிய ஜெர்பில் குட்டிகளுக்கும் மூலையைப் பிறாண்டும் பழக்கம் வந்துவிட்டது. சுரங்கப் பாதையும் அறையுமாகச் செய்து வைத்த வளையில் வளர்ந்தவற்றுக்கு வரவில்லை. தோண்டாமலே கிடைத்த வளை அது! பாதை இல்லாமல் அறையை மட்டும் கொடுத்தால் போதவில்லை.

ஜெர்பிலின் பூர்வீகமான மங்கோலியா, வடசீனப் புல்வெளிகளில் ஒளிய மரம் மட்டை கிடையாது. பருந்துக்கும் பனிக்கும் தப்ப நிலத்துக்கு அடியில்தான் போக வேண்டும். வளை அமைந்துவிட்டால் தோண்டும் வேகம் தானே அடங்கும். காய்ந்த மணலோ தோண்டத் தோண்டச் சரியும். கண்ணாடி மூலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், எத்தனை நேரம் பிறாண்டினாலும் அங்கே வளை வராது. 'போதும்' என்று அதற்கு எப்படித் தெரியும்?

எலி வளையானாலும் தனி வளை என்போம். கூட்டமாக வாழும் ஜெர்பிலுக்குத் தனி வேண்டாம், வளை இருந்தால் சரி. வெளிச்சம் புகாத ஒரு பெட்டி, அதற்குள் போக வளைந்த குழாய், இவ்வளவுதான். ஒரு சாண் ஆழத்துக்குக் காகிதத் துகளும் வைக்கோலும் கலந்து அழுத்திப் போட்டால் குடைந்த பாதை இடியாமல் நிற்கும். கடையில் விற்கும் தொட்டிகளில் இரண்டு விரல் உயரத்துக்கு மரத்தூளைத் தூவி அனுப்பிவிடுகிறார்கள்.

இதைக் குட்டியிலேயே செய்ய வேண்டும். பிறந்த மூன்று நான்கு வாரத்திலேயே பழக்கம் தொடங்கிவிடுகிறது, அப்புறம் மாற்றுவது கடினம். கேள்வி கேட்டவரின் ஜெர்பில் வளர்ந்தது என்பதால் முழுதாக விடாமல் போகலாம். ஆனாலும் வளை வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மணல் கிண்ணத்தையும் எடுக்க வேண்டாம். உடம்பின் எண்ணெய்ப் பிசுக்குப் போக அதில் புரண்டு குளிக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன், சிங்கப்பூர்